கழுத்தில் தொங்கும் கத்தி

உங்கள் பாட்டியின் தாலிச் சரடை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தாலி, குண்டு, காசு, பவழம் எல்லாம் இருக்கும். அவற்றோடு ஒட்டிக்கொண்டு, தங்கத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல், இரண்டு மூன்று ஊக்குகளும் தொங்கும். சிறுவனாக இருந்தபோது என் பாட்டியிடம் கேட்டேன். "ஏன் பாட்டி இதைப் போய் இங்கே மாட்டி வெச்சிருக்கே?"

"அவசரத்துக்கு வேற எங்கடா போய்த் தேடறது?" என்றாள் பாட்டி.

செருப்பு வார் அறுந்தாலும், பையின் பிடி கிழிந்தாலும், பேரனின் டிரவுசர் பட்டன் தெறித்தாலும் அந்தக் கை நேராகக் கழுத்துக்குப் போகும். கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கூடவே இருக்கும் பொருள் அது. உடம்பில் இதைவிட நம்பகமான இடம் உண்டா என்ன?

அந்தப் பாட்டியின் பேரன் இன்று ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கலாம். அவன் கழுத்திலும் ஒரு பட்டை தொங்குகிறது. அதன் முனையில் அடையாள அட்டை. அந்தப் பட்டைக்கு 'லான்யார்ட்' என்று பெயர். இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அலுவலகத்துக்குள் நுழைய நீங்கள் தினமும் மாட்டிக்கொள்கிறீர்களே, அந்தப் பட்டையின் முன்னோரில் ஒருவர், மாலுமிகள் கத்தியைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு!

பாய்மரக் கப்பல் காலத்து மாலுமியின் வேலையைக் கற்பனை செய்து பாருங்கள். நடுக்கடல். காற்று அடித்துத் துவைக்கிறது. தரையிலிருந்து ஏழெட்டு மாடி உயரத்தில், ஆடிக்கொண்டிருக்கும் குறுக்கு மரத்தின் மேல் வயிற்றை அழுத்திப் படுத்தபடி, நனைந்து கனத்துப்போன பாயைச் சுருட்ட வேண்டும். கயிறு சிக்கிக்கொண்டால் அறுக்க வேண்டும். ஒரு கையால் மரத்தைப் பிடித்திருக்கிறார். மிச்சம் ஒரு கை. அது இடக்கையா வலக்கையா என்பது அந்த நேரத்துக் காற்றைப் பொறுத்தது. கத்தி வலது இடுப்பில் இருந்து, காலியாக இருப்பது இடக்கையாக இருந்தால்? கதை முடிந்தது. மார்புக்கு நேராகத் தொங்கினால் எந்தக் கைக்கும் எட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அத்தனை உயரத்தில் கை நழுவிக் கத்தி விழுந்தால், கீழே தளத்தில் நின்று வேலை பார்ப்பவரின் தலைக்கு அது என்ன ஆகும்? அதனால்தான் கத்தியைக் கயிற்றில் கட்டினார்கள். நழுவினாலும் கயிற்றின் நீளத்துக்குத்தான் விழும். கப்பல் கத்திகளில் பலவற்றுக்கு நுனி கூராக இருக்காது. மழுங்கி, ஆட்டுக்குளம்பு மாதிரி இருக்கும். கயிறு அறுக்க விளிம்புதான் வேண்டும், நுனி எதற்கு? தவிரவும், மாதக்கணக்கில் ஒரே மரப்பெட்டிக்குள் அடைந்து கிடக்கும் முரட்டு ஆண்கள் கையில் கூர்முனைக் கத்தி இல்லாமலிருப்பது கேப்டனுக்கும் நிம்மதி.

பிரிட்டிஷ் கடற்படையில் சாதாரண மாலுமிகளுக்கென்று முறையான சீருடை வந்ததே 1857-ல்தான். அந்தச் சீருடையோடு வெள்ளைக் கயிறும் ஒட்டிக்கொண்டது. அதன் முனையில் மடக்குக் கத்தி. காலம் மாறிப் பாய்மரங்கள் போயின. நீராவி வந்தது. கத்தியும் போனது. ஆனால், கயிறு மட்டும் அலங்காரமாகத் தங்கிவிட்டது. பிறகு அதன் முனையில் விசில் தொங்கியது, சாவி தொங்கியது, கடைசியில் நம் புகைப்படம்!

சரி, கழுத்துக்கு எப்படி வந்தது கத்தி? அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், சட்டைப்பை இல்லாத உலகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். துணியோடு சேர்த்துத் தைத்த பை என்பது மனித வரலாற்றில் நேற்று வந்த சமாசாரம். அதற்கு முன்னால் எல்லாமே இடுப்பில்தான். 1991 செப்டம்பரில் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. சுமார் 5,300 வருடங்களுக்கு முந்தையவர். 'ஓட்ஸி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அவரிடம் ஒரு சின்னக் கத்தி இருந்தது. சிக்கிமுக்கிக் கல்லில் அலகு, மரக் கைப்பிடி, மொத்தமே 13 சென்டிமீட்டர் சொச்சம். மரநாரில் பின்னிய அழகான உறை. அதை இடுப்பில் மாட்டிக்கொள்ளத்தான் உறையில் ஏற்பாடு செய்திருந்திருக்கிறார்.

ஆக, இடுப்புதான் கத்தியின் சொந்த ஊர். இடுப்பு சரிப்படாத இடங்களில்தான் அது கழுத்துக்குக் குடிபெயர்ந்தது. கப்பல் ஓர் இடம். இன்னொன்று, வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் காடுகளில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள் பலர் மார்பில் கத்தி உறையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் காலத்து ஓவியங்களில் பார்க்கலாம். உறைகளே பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பார்த்தால் அசந்துபோவீர்கள். மான் தோல் உறை. அதன் மேல் முள்ளம்பன்றி முட்களைச் சாயமேற்றி, தட்டையாக்கி, இழை இழையாகத் தைத்த வேலைப்பாடு. ஓரங்களில் சின்னச் சின்னத் தகரக் குப்பிகள், அவற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சிவப்புச் சாயமிட்ட மான் முடி. நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும். உறை இத்தனை அழகு. உள்ளே இருக்கும் கத்தி? பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்தோ பிரான்சிலிருந்தோ கப்பலேறி வந்த, வியாபாரிகள் கம்பளித் தோலுக்குப் பண்டமாற்றாகக் கொடுத்த மலிவுச் சரக்கு! நம்மூரில் ஐம்பது ரூபாய் வாட்ச்சுக்குத் தங்கச் செயின் போட்டது மாதிரி.

ஏன் மார்பில்? படகில் முழங்காலிட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் துடுப்புப் போடுகிறவனுக்கு இடுப்புக் கத்தி தொடையில் இடிக்கும். குளிருக்குப் போர்த்திய கம்பளிக்குள் இடுப்பு மறைந்துவிடும். கழுத்திலிருந்து தொங்குவதுதான் வெளியே எட்டிப் பார்க்கும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், இன்றைக்கும் காட்டாற்றில் ரப்பர் படகு விடும் மீட்புப் படையினர் கத்தியை மாட்டிக்கொள்வது உயிர்காப்பு அங்கியின் மார்புப் பகுதியில்தான். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பவர்களிலும் பலர், கயிறு சிக்கினால் அறுக்க, கொக்கி வடிவச் சின்னக் கத்தி ஒன்றை மார்புப் பட்டையில் வைத்திருப்பார்கள். அதற்கும் கூர்முனை கிடையாது. மாலுமி கண்டுபிடித்ததைத்தான் இவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால், எல்லா மார்பும் கத்திக்கு ஏற்ற மார்பு அல்ல. நம் தென்மாவட்டப் பனையேறியைப் பாருங்கள். அவருக்கும் உயரம்தான், அவருக்கும் ஒரு கைதான் மிச்சம். மாலுமியின் அதே பிரச்னை. ஆனாலும் அவருடைய பாளை அரிவாள் கழுத்துக்குப் போகவில்லை. இடுப்பில் கட்டிய அருவாப்பெட்டியில்தான் இருக்கிறது. ஏன் தெரியுமா? அவர் மரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுகிறார். சொரசொரப்பில் நெஞ்சு தேயாமலிருக்கத் தோலே கட்டிக்கொள்பவர். அங்கே கத்தியைத் தொங்கவிட்டால் மரத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே அது மாட்டிக்கொள்ளும். மாலுமியைப் பார்த்துப் பனையேறி காப்பியடித்திருந்தால் விபரீதம்தான். எந்த இடத்தில் எதை வைப்பது என்பதைத் தொழில்தான் தீர்மானிக்கிறது.

இப்போது இதன் கஷ்டங்களுக்கு வருவோம். நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் நண்பர்களோடு மலையேறப் போனபோது, பழம் நறுக்குவதற்காகச் சின்னக் கத்தி ஒன்றை உறையோடு நைலான் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பெரிய வேட்டைக்காரன் என்று நினைப்பு! முதல் அரை மணி நேரம் நெஞ்சில் தட்டித் தட்டியே உயிரை எடுத்தது. ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் முகத்துக்கு நேரே ஊஞ்சல் ஆடியது. வியர்வையில் கயிறு பிடரியை அறுத்தது. கடைசியில் ஒரு முள்புதரைக் கடக்கும்போது கிளை ஒன்று கயிற்றைப் பிடித்து இழுத்தது பாருங்கள்... இரண்டு நொடிதான். கண் இருட்டிவிட்டது. அறுத்துக்கொள்ளக் கையில் கத்தி இருந்தது. ஆனால், அந்தக் கத்தியே அல்லவா கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது!

இந்த ஆபத்து தெரிந்துதான், கழுத்துக் கத்தி தயாரிப்பவர்கள் பலர் சுலபத்தில் அறுந்துவிடும் மணிச்சங்கிலியைத் தருகிறார்கள். ஒரு குறிப்பிட்ட பாரத்துக்கு மேல் இழுத்தால் சங்கிலி பட்டென்று விட்டுவிடும். உங்கள் அடையாள அட்டைப் பட்டையின் பின்பக்கம், பிடரிக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறதா பாருங்கள். பல பட்டைகளில் இருக்கும். அதே காரணம்தான்.

கழுத்துக் கத்தியின் இரண்டாவது தலைவலி உறை. இந்தக் கத்தி பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும். கைப்பிடி கீழே, நுனி மேலே. அப்படியே கீழ்நோக்கி இழுத்தால் கையில் வந்துவிடும். வசதிதான். ஆனால், உறையின் பிடி தளர்ந்தால் தானாகவே விழுந்துவிடும். தோல் உறை நனைந்து காய்ந்து தளரும். வெகுகாலம் இதற்கு நல்ல தீர்வு இல்லை. 1960-களில் விமானங்களின் உட்புறத் தகடுகளுக்கென்று 'கைடெக்ஸ்' என்ற பிளாஸ்டிக் வந்தது. சூடாக்கினால் இளகும், ஆறினால் கத்தியின் உருவத்திலேயே இறுகிவிடும். உள்ளே தள்ளினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் கழுத்துக் கத்திக்கு ஒரு மவுசு வந்ததே இந்த உறைக்குப் பிறகுதான். இரண்டு மூன்று அங்குல அலகு, நூறு கிராமுக்கும் குறைவான எடை. விமானத்துக்காகப் பிறந்த பிளாஸ்டிக் கவ்விப் பிடித்திருக்கும் கத்தியை, விமானத்துக்குள் மட்டும் கொண்டுபோக முடியாது என்பதுதான் தமாஷ்.

தமாஷ் இத்தோடு முடிந்தது. ஏனென்றால், பயன் உண்டா இல்லையா என்ற கேள்வியே எழாமல், வெறும் நம்பிக்கைக்காகக் கத்தியை உடம்போடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கத்தியைக் கழற்றி வை என்று சொன்னால் அவர்களுக்கு அது தோலை உரிப்பது மாதிரி.

சீக்கியர்களைச் சொல்கிறேன்.

1699-ம் வருடம் பைசாகித் திருநாள். அனந்தபூர் சாகிப்பில் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவினார். தீட்சை பெற்ற சீக்கியர் ஐந்து சின்னங்களை எப்போதும் தரித்திருக்க வேண்டும். வெட்டாத முடி, மரச் சீப்பு, இரும்பு வளையம், அரைக்கால் உள்ளாடை, ஐந்தாவதாகக் கிர்பான். 'கிருபை' என்ற சொல்லோடும் மானத்தைக் குறிக்கும் 'ஆன்' என்ற சொல்லோடும் அதன் பெயரைச் சேர்த்துப் பொருள் சொல்வார்கள். தாக்குவதற்கான ஆயுதம் அல்ல, எளியவரைக் காப்பாற்றும் கடமையின் அடையாளம் என்பது அவர்களின் விளக்கம். 'காத்ரா' என்ற துணிப்பட்டையில் கோத்து, ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புவரை குறுக்காக மாட்டிக்கொள்வார்கள்.

நீளம் எவ்வளவு? அதை எந்த விதியும் நிர்ணயிக்கவில்லை. சீக்கியர்களின் நடத்தை நெறியான 'ரெஹத் மர்யாதா'விலும் அளவு கிடையாது. மூன்றடி வாளும் கிர்பான்தான். சீப்பில் பதித்த, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் ஓர் அங்குலக் கத்தியும் கிர்பான்தான் என்று அணிபவர்கள் உண்டு. இல்லவே இல்லை, அது பொம்மை என்று சொல்பவர்களும் உண்டு. சண்டை தொடங்கும் இடம் இதுதான்.

முதலில் முறைத்தது பிரிட்டிஷ் அரசு. 1878-ம் வருட ஆயுதச் சட்டப்படி இந்தியர் யாரும் லைசென்ஸ் இல்லாமல் வாள் வைத்திருக்கக் கூடாது. கிர்பான் வாளா, இல்லையா? சீக்கியர்கள் விடாமல் போராடினார்கள். முதல் உலகப் போர் நெருங்கிய சமயம், ராணுவத்துக்குச் சீக்கிய சிப்பாய்கள் தேவை. 1914-ல் பஞ்சாபில் கிர்பானுக்கு விலக்குக் கிடைத்தது, 1917-ல் மற்ற பகுதிகளுக்கும். போர் முடிந்து, குருத்வாராக்களை மீட்கும் போராட்டம் சூடு பிடித்ததும் பழைய கேள்வியை அரசு மறுபடி தூசி தட்டி எடுத்தது. 'கிர்பானுக்குத்தானே விலக்கு? நீ வைத்திருப்பது நீளமாக இருக்கிறதே, அது வாள்!' கைது, சிறை. இதை எதிர்த்து 1920-களின் தொடக்கத்தில் நடந்த போராட்டத்துக்குக் 'கிர்பான் மோர்ச்சா' என்றே பெயர். அங்குலக் கணக்குக்காக ஜெயிலுக்குப் போன மனிதர்கள்!

சுதந்திர இந்தியா இந்தக் குழப்பத்தை ஒரே வரியில் தீர்த்தது. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. கிர்பானை அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதன் பகுதியாகவே கருதப்படும். கத்தி ஒன்றைப் பெயர் சொல்லிக் காப்பாற்றும் சாசனம் உலகில் வேறு எங்காவது இருந்தால் ஆச்சரியம்தான்.

ஆனால், சாசனம் எழுதியவர்கள் விமானத்தை யோசித்திருக்க மாட்டார்கள். 1981 செப்டம்பர் 29 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. கடத்தியவர்கள் 'தல் கால்சா' அமைப்பினர். அவர்கள் கையில் இருந்தது கிர்பான். ஆகவே, 'அது வெறும் அடையாளம், யாருக்கும் ஆபத்தில்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. அதேபோல், சில பேர் செய்த குற்றத்துக்காகக் கோடிப் பேரின் நம்பிக்கையைப் பறிமுதல் செய்துவிடவும் முடியாது. அதிகாரிகள் நிஜமாகவே திண்டாடியிருக்கிறார்கள். இந்தியாவில் 2022 மார்ச்சில் வந்த உத்தரவு, உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணிகள் ஆறு அங்குலத்துக்கு மிகாத அலகு, மொத்தம் ஒன்பது அங்குலத்துக்கு மிகாத நீளம் கொண்ட கிர்பானை எடுத்துச் செல்ல அனுமதித்தது. கனடா 2017 நவம்பரில் ஆறு சென்டிமீட்டருக்கு உட்பட்ட அலகுகளைப் பெரும்பாலான விமானங்களில் அனுமதித்தது. அமெரிக்கா செல்லும் விமானங்களில் மட்டும் கிடையாது. அங்குலமும் சென்டிமீட்டரும் படுத்தும் பாட்டைப் பாருங்கள்.

அமெரிக்காவுக்கு ஏன் அவ்வளவு பயம் என்று கேட்க வேண்டியதில்லை. 2001 செப்டம்பர் 11-க்கு முன்னால், நான்கு அங்குலத்துக்குக் குறைவான கத்தியை அமெரிக்க விமானத்துக்குள் கொண்டுபோகத் தடையே இல்லை. அன்றைய தினம் சின்னக் கத்திகளோடு ஏறியவர்கள் என்ன செய்தார்கள் என்பது உலகத்துக்கே தெரியும்.

அந்த செப்டம்பருக்கு இரண்டு மாதம் கழித்து, 2001 நவம்பர் 19 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரப் பள்ளி ஒன்றின் விளையாட்டு மைதானத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் உடைக்குள்ளிருந்து ஒரு பொருள் நழுவிக் கீழே விழுந்தது.

கிர்பான்!

பையன் பெயர் குர்பாஜ் சிங் முல்தானி. யாரையும் அவன் மிரட்டவில்லை, உருவிக் காட்டவில்லை. சும்மா விழுந்தது. நேரத்தைத்தான் பாருங்கள். சின்னக் கத்தி என்றாலே உலகம் நடுங்கிக்கொண்டிருந்த மாதம்.

முதலில் பள்ளி வாரியம் நிதானமாகத்தான் நடந்துகொண்டது. உடைக்குள் வைத்துப் பத்திரப்படுத்தினால் போதும் என்று டிசம்பரில் கடிதம் அனுப்பியது. பையனின் பெற்றோரும் சரி என்றார்கள். ஆனால், பள்ளியின் நிர்வாகக் குழு 'முடியவே முடியாது, ஆயுதம் கூடாது என்பது பள்ளி விதி' என்றது. மேல்மட்டத்தில் ஒரு சமரசம் சொன்னார்கள். என்ன சமரசம் தெரியுமா? நிஜக் கிர்பான் வேண்டாம். கழுத்தில் பதக்கம் மாதிரித் தொங்கும் அடையாளக் கிர்பான் போட்டுக்கொள். அல்லது ஆபத்தில்லாத வேறு பொருளில் செய்ததைப் போட்டுக்கொள்!

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? நமக்கு இது புதிதும் அல்ல. பழந்தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு 'ஐம்படைத்தாலி' என்று கழுத்தில் கட்டுவார்கள். திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வில், வாள் ஆகிய ஐந்தையும் குட்டியாகச் செய்து கோத்த அணி. அந்த வாள் எதையும் வெட்டாது. வெட்டாவிட்டாலும் குழந்தையைக் காக்கும் என்று தாய் நம்பினாள். அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டால் பிரச்னை தீர்ந்துவிடாதா?

குர்பாஜ் சிங்குக்குத் தீரவில்லை. பிளாஸ்டிக்கோ மரமோ கிர்பான் ஆகாது, உலோகத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவன் நம்பிக்கை. மற்ற சீக்கியர்கள் பதக்கத்தோடு திருப்தியடைகிறார்களே என்று கேட்டால், அது அவர்கள் நம்பிக்கை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

2002 மே மாதம் கியூபெக் உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளைப் படித்தால், ஒரு கத்தியை எவ்வளவு தூரம் கத்தியாக இல்லாமல் செய்ய முடியும் என்பது புரியும். கிர்பானை உடைக்குள்தான் அணிய வேண்டும். உறை உலோகத்தில் இருக்கக் கூடாது, மரத்தில் இருக்க வேண்டும். உறையோடு சேர்த்து அதைத் தடித்த துணிப்பைக்குள் போட்டுத் தைத்துவிட வேண்டும். அந்தப் பையைக் காத்ராவோடு சேர்த்துத் தைக்க வேண்டும். பள்ளி ஊழியர்கள் அவ்வப்போது சோதிக்கலாம். அதை அவன் எந்நேரமும் தன்னிடமே வைத்திருக்க வேண்டும், காணாமல் போனால் உடனே சொல்ல வேண்டும். இதில் ஒன்றை மீறினாலும் பள்ளியில் கிர்பான் அணியும் உரிமை நிரந்தரமாகப் போய்விடும்.

யோசித்துப் பாருங்கள். மாலுமி கழுத்தில் கத்தியைத் தொங்கவிட்டது, நொடியில் கைக்கு வர வேண்டும் என்பதற்காக. இங்கே ஒரு பையன், எத்தனை நிமிடம் ஆனாலும் கைக்கு வராதபடி அதைத் தைத்து மூடிக்கொண்டு நெஞ்சோடு சுமக்கிறான். பயன் என்று பார்த்தால் பூஜ்யம். இருந்தும் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறான்.

2004 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. பாதுகாப்புதான் முக்கியம் என்றது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2006 மார்ச் 2 அன்று வந்த தீர்ப்பில் எட்டு நீதிபதிகளும் பையன் பக்கம் நின்றார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய விஷயங்கள் ரொம்பச் சாதாரணமானவை. கனடாவின் பள்ளிகளில் சீக்கியக் குழந்தைகள் நூறு வருடமாகப் படிக்கிறார்கள். கிர்பானால் ஒரு வன்முறைச் சம்பவம்கூடப் பதிவானதில்லை. பள்ளிக்கூடத்தில் கத்தரிக்கோல் இருக்கிறது, பென்சில் இருக்கிறது, பேஸ்பால் மட்டை இருக்கிறது. காயப்படுத்த நினைப்பவனுக்குத் தைத்து மூடிய கிர்பானைவிட இவை சுலபம். விமானமும் நீதிமன்றமும் வேறு, பள்ளி வேறு. பள்ளியில் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் வருடக்கணக்கில் பழக்கம் இருக்கிறது. முழுத் தடை செல்லாது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? கியூபெக்கில் பெரிய சலசலப்பு. 2011 ஜனவரியில் அந்த மாகாணச் சட்டசபைக்குக் கருத்துச் சொல்ல வந்த நான்கு சீக்கியர்களை, கிர்பானோடு உள்ளே விட முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் சபை ஒருமனதாக அந்தத் தடையை ஆதரித்துத் தீர்மானமே போட்டது. பூமியின் மறுகோடியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பள்ளிக்குள் கிர்பானைத் தடுத்த சட்டப்பிரிவை 2023 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அது இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தோடு மோதுகிறது என்பது காரணம். பிரிட்டன் இதில் கொஞ்சம் விவரம். அதன் 1988-ம் வருடச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத் தவிர வேறு எந்தக் கத்தியையும் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். நான் மலைக்கு மாட்டிக்கொண்டு போனேனே, இரண்டு அங்குலக் கழுத்துக் கத்தி, அதை மாட்டிக்கொண்டு சும்மா லண்டன் தெருவில் நடந்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள். கிர்பானுக்கு மத காரணம் என்ற தற்காப்பை அந்தச் சட்டமே தருகிறது.

குர்பாஜ் சிங் என்ன ஆனான்? உச்ச நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது, கிர்பான் விழுந்து நாலு வருடமும் மூன்று மாதமும் ஓடியிருந்தன. அவன் பதின்பருவத்தின் பின்பாதியில் இருந்தான். பிரச்னை இல்லாத ஒரு தனியார் பள்ளிக்கு அதற்கு முன்பே மாறிப் போய்விட்டிருந்தான். அந்தப் பழைய பள்ளிக்கு அவன் திரும்பவில்லை. கிர்பான் அவன் மேல்தான் இருந்தது.